புதன்கிழமை முத்திரை

ஸ்டேகர் உறைகள் வியாழக்கிழமை காலைத் தபாலில் வந்தன. ரப்பர் வளையம் போட்டு ஒரே கட்டாக, ஒரே வீட்டிலிருந்து வந்தவை போல. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஸ்டேகரில் யாரும் முன்கூட்டி ஓட்டுப் போடுவதில்லை. வாக்குச்சீட்டு சில வாரங்களுக்கு முன்பே தபாலில் வீட்டுக்கு வந்துவிடும். நிரப்பி, கையெழுத்துப் போட்டு, ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிடுவார்கள். கடைசி வாரத்தில் ஒரு மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்க்காமல் அவனுக்கு ஓட்டுப் போடக் கூடாது என்பது அந்த ஊரின் எண்ணம். தேர்தல் நாள் மாலை விவசாயிகள் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அதற்கு முன்பு, தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் தபால் நிலையத்துக்குக் கும்பலாகப் போய், அங்கிருக்கும் தபால் அதிகாரி மர்லிஸ் டீட்ஸின் கையில் உறைகளைக் கொடுத்து, கண்முன்னால் முத்திரை குத்த வைத்துவிட்டுத்தான் தட்டை எடுப்பார்கள்.

நான் கட்டைப் பிரித்து முதல் உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மர்லிஸின் முத்திரை எப்போதும் போல அச்சடித்த மாதிரி இருந்தது. வட்டத்துக்குள் ஊர்ப்பெயர், நடுவில் தேதி. நவம்பர் ஐந்து, புதன்கிழமை.

தேர்தல் செவ்வாய்க்கிழமை.

இரண்டாவது உறையிலும் ஐந்து. மூன்றாவதிலும் ஐந்து. கடைசி உறைவரை பார்த்தேன். இருபத்து மூன்று உறைகள், இருபத்து மூன்றிலும் அதே தேதி, ஒன்றில்கூட மை பரவவில்லை.

எங்கள் மாநிலச் சட்டம் இந்த விஷயத்தில் ஒரே ஒரு வரிதான் சொல்கிறது. தபால் முத்திரை தேர்தல் நாளிலோ அதற்கு முன்போ விழுந்திருந்தால், உறை இரண்டு நாள் கழித்து வந்தாலும் அந்த ஓட்டு செல்லும். மறுநாள் விழுந்திருந்தால் செல்லாது. முத்திரை தெரியவில்லை, அழிந்திருக்கிறது என்றால் உறைமேல் ஓட்டுப் போட்டவர் எழுதிய தேதியைப் பார்க்கலாம். தெளிவாக இருந்தால் பார்க்க முடியாது.

"லொரெட்டா, இங்க கொஞ்சம் வாங்க" என்றேன்.

லொரெட்டா வீஸ் காபிக் கோப்பையோடு வந்தார். டல்லி மாவட்டத்தின் தேர்தல் அதிகாரி அவர். நான் அவருடைய துணை அதிகாரி. மேசையிலிருந்து இரண்டடி தள்ளியே நின்று, கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார். அவர் பிறந்து வளர்ந்தது ஸ்டேகரில். மேலே இருந்த உறையில் அவருடைய அண்ணன் பெயர் இருந்தது.

"எல்லாமே இப்படியா?"

"எல்லாமே."

"நான் தொட மாட்டேன்" என்றார். "நீயே எண்ணி, பெட்டியில போட்டு, சீல் வை. கேமரா பக்கம் திரும்பி நின்னு செய்."

அவர் ஏன் தொடவில்லை என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இங்கே தேர்தலை நடத்துகிறவரும் தேர்தலில் நின்றுதான் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். இத்தனை வருடம் லொரெட்டாவை எதிர்த்து யாரும் நின்றதில்லை. இந்தத் தடவை தண்ணீர் பம்பு விற்கும் டேரன் குவிக் நின்றான். வேனிற்காலம் முழுவதும் ஊர் ஊராகப் போய், "பூட்டின கதவுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். எங்கள் கதவில் பூட்டுச் சரியாக விழாது, இடுப்பால் ஒரு தள்ளு தள்ள வேண்டும் என்பதை நான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அன்று காலை நிலவரப்படி லொரெட்டா பதினோரு ஓட்டுப் பின்தங்கியிருந்தார். எண்ண வேண்டியது இந்தக் கட்டு மட்டும்தான்.

ஸ்டேகரில் லொரெட்டாவுக்கு எதிராக யாராவது ஓட்டுப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கவே முடியாது.

நான் மர்லிஸுக்குப் போன் போட்டேன்.

"மர்லிஸ், செவ்வாக்கிழமை ஓட்டு உறைங்களை எப்ப வாங்கினீங்க?"

"எப்பவும் போலத்தான், சாப்பாட்டுக்கு முன்னாடி. ஏன் கண்ணு, எவனாவது கையெழுத்துப் போட மறந்துட்டானா? அந்த லைல் பயலாத்தான் இருக்கும். கல்யாணத்தன்னிக்கே கையெழுத்துப் போட மறந்துட்டுச் சாப்பிடப் போனவன்."

"எல்லாத்துலயும் அஞ்சாம் தேதி விழுந்திருக்கு."

 அந்தப் பக்கம் இழுப்பறை திறக்கும் ஒலி, ஏதோ இரும்பு மேசைமேல் வைக்கப்படும் ஒலி.

"அய்யோ" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "நடீன், நான் தினமும் சாத்தறப்பவே மறுநாள் தேதியைத் திருப்பி வச்சுடுவேன். காலையில இந்தக் கட்டடத்துல குளிரு உனக்குத் தெரியும். விரல் மரத்துப்போயிடும், அந்தச் சின்னச் சக்கரம் திரும்பவே திரும்பாது. அன்னிக்குச் சாப்பாட்டுக்காக அடுப்புல பூசணி 'பை' பலகாரம் வச்சுட்டு வந்தேன். கருகிடுமேன்னு கொஞ்சம் முன்னாடியே திருப்பிட்டேன். அப்புறம் இவங்கல்லாம் வந்தாங்க. பேசிச் சிரிச்சுக்கிட்டே குத்தினேன். ஊரே நின்னுச்சு. ஒருத்தரும் பாக்கல, நானும் பாக்கல."

"தபால் வண்டி?"

"நாங்க சாப்பிட உக்கார்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டுப் போயிட்டான். டிரைவருக்கு ஒரு துண்டு பூசணி பைகூடக் கொடுத்தேன்."

கையால் குத்திய முத்திரை இருந்தால், நகரத்துத் தபால் நிலைய இயந்திரம் மறுபடி குத்தாது. பெரிய மாவட்டங்களில் உறைமேல் கணினி படிக்கும் கோடுகள் அச்சடித்திருப்பார்கள். உறை எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று கணினி சொல்லிவிடும். எங்கள் மாவட்டத்துக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. எங்களுக்கு இருந்தது மர்லிஸின் வார்த்தையும், அதற்கு நேர் எதிராக மர்லிஸின் முத்திரையும்.

"நான் எங்க வேணாலும் வந்து சொல்றேன்" என்றார் மர்லிஸ். "பைபிள்மேல கை வச்சுச் சொல்றேன். என் வேலை போனாலும் போகட்டும்."

சந்தேகமான உறைகளைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது மூன்று பேர் கொண்ட சரிபார்ப்புக் குழு. மாவட்ட வழக்கறிஞர் கார்வின் ஷேல், மாவட்ட சபைத் தலைவர் ரஸ் டோலிவர், தேர்தல் அதிகாரி லொரெட்டா. தன் பதவியே கேள்வியாக நிற்கும்போது லொரெட்டா அந்த நாற்காலியில் உட்கார முடியாது. அவர் விலகினால் துணை அதிகாரி உட்கார வேண்டும். அது நான்.

விஷயம் அன்று மதியமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. கார்வின் திறக்கக் கூடாது என்பார், அவர் சட்டத்தில் ஒரு எழுத்துகூட நகர மாட்டார். ரஸ் திறக்க வேண்டும் என்பார், அவர் கோதுமை வாங்குவதே ஸ்டேகர்க்காரர்களிடம்தான். ஆக, மூன்றாவது கை என்னுடையது. மளிகைக் கடையில் நான் முட்டை எடுக்கும்போது இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். காரின் கண்ணாடித் துடைப்பானில் யாரோ ஒரு காகிதம் செருகியிருந்தார்கள். 'உன் வேலைக்கு நீயே ஓட்டுப் போட்டுக்கொள்ளப் போகிறாயா?' என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. குவிக் வந்தால் தன் ஆட்களைக் கொண்டுவருவான். லொரெட்டா போனால் நானும் போவேன். இது எனக்கும் தெரியும், காகிதம் செருகியவருக்கும் தெரியும்.

அந்த வார இறுதியில் நான் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் குழப்பத்தினால் அல்ல. என் மனதில் முடிவு தெளிவாக இருந்தது. அந்த உறைகள் செவ்வாய்க்கிழமை கொடுக்கப்பட்டவை. ஊரே பார்த்திருக்கிறது. ஒரு பூசணி பைக்காக இருபத்து மூன்று பேருடைய ஓட்டு குப்பைக்குப் போகக் கூடாது. என்ன பேச்சு வந்தாலும் கையைத் தூக்கிவிடுவது என்றிருந்தேன்.

திங்கட்கிழமை காலை மற்ற வேலைகளை முடிக்க உட்கார்ந்தேன். ஒரு ஓட்டு செல்லாது என்றால், குழு கூடுவதற்கு முன் அந்த வாக்காளரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஸ்டேகர் கட்டைத் தவிர, வியாழக்கிழமை மதியத் தபாலில் வந்த, புதன்கிழமை முத்திரை விழுந்த உறைகள் இன்னும் ஏழு இருந்தன. எல்லாம் கிரெல் ஊரிலிருந்து வந்தவை. மாட்டுத் தீவனக் கொட்டகைகளும், லாரிகளும், வாடகை டிரெய்லர் வீடுகளும் உள்ள ஊர் அது. குவிக்கின் கோட்டை என்று சொல்வார்கள். தெருப் பெட்டியில் போட்டவை. நகரத்து இயந்திரத்தின் அலையலையான கோடு அவற்றின் மேல் ஓடியிருந்தது.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒரு பெண் கத்தினாள். ஒருவர் தான் பெட்டிக்குப் போனது இருட்டிய பிறகுதான் என்று ஒப்புக்கொண்டார். நான்காவதாக எர்வின் ப்ளூம் என்பவர் எடுத்தார். பின்னால் லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் மத்தியானமே போட்டேங்க" என்றார். "சாப்பாட்டு நேரத்துல. மாடு ஏத்திக்கிட்டுப் போற வழியில, அந்தப் பெட்டி பக்கத்துல லாரியை நிறுத்திட்டுப் போட்டேன். வண்டிக்காரன் அன்னிக்கு வரலையோ என்னவோ."

"உங்ககூட யாராவது இருந்தாங்களா?"

"மாடுங்க இருந்துச்சு." சிரித்தார். "அதுங்க சாட்சி சொல்லுமா?"

"நான் உங்களை நம்பறேன், மிஸ்டர் ப்ளூம். ஆனா முத்திரை புதன்கிழமைன்னு இருக்கு. முத்திரைதான் கணக்கு."

"எல்லாருக்கும் இதேதானா?"

"எல்லாருக்கும் இதேதான்" என்றேன்.

"அப்பச் சரி" என்றார் அவர். எஞ்சின் சத்தத்தில் பாதிதான் கேட்டது. "எல்லாருக்கும்னா சரி. பரவால்லைங்க."

ரிசீவரை வைத்த பிறகும் என் கை அதன்மேலேயே இருந்தது. ஏழு பேரில் கோபப்படாதவர் அவர் ஒருவர்தான். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கூட்டத்தன்று காலை லொரெட்டா என்னைச் சாமான் அறைக்குள் கூப்பிட்டார். பழைய வாக்குப் பெட்டிகளும் கிறிஸ்துமஸ் விளக்குகளும் அடுக்கியிருக்கும் சின்ன அறை. கதவைச் சாத்தவில்லை. சாத்தினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று இருவருக்கும் தோன்றியிருக்கும்.

"நான் உன்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது" என்றார்.

"ஆமா."

"அதனால கேக்கல. மர்லிஸ் பொய் சொல்றவ இல்ல, அதை மட்டும் சொல்றேன். அது உனக்கும் தெரியும்."

"தெரியும்."

"என் அண்ணன் அறுபது வருஷமா ஓட்டுப் போடறான். ஒரு தடவைகூடச் செல்லாமப் போனதில்ல." அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "எனக்குப் பதவி முக்கியம்னு நினைக்காதே. முக்கியம்தான், இல்லன்னு சொன்னா நீ நம்ப மாட்டே. ஆனா அது மட்டும் இல்ல. உண்மை அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு நடீன். அதைத் திறக்காம விட்டா, நாம எதுக்கு இங்க வேலை பாக்கறோம்?"

எனக்குப் பதில் சொல்லத் தோன்றியது. கிரெலில் ஏழு பேர் இருக்கிறார்கள் என்று. சொல்லவில்லை. அவரிடம் அதைப் பேசுவதே விதிமீறல். அவர் என் சட்டைக் கழுத்தில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கூட்ட அறையில் இடம் இல்லை. யாரும் சொல்லாமலே, கல்யாணத்தில் பெண் வீடு மாப்பிள்ளை வீடு போல, இடப்பக்கம் ஸ்டேகர்க்காரர்களும் வலப்பக்கம் குவிக்கின் ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். வலப்பக்கம் நிறைய போன்கள் எங்களை நோக்கிப் பிடிக்கப்பட்டிருந்தன. குவிக் கடைசி வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

மர்லிஸ் எழுந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை கோட்டுப் போட்டு வந்திருந்தார். தேதிச் சக்கரத்தைத் திருப்பிய கதையை, பூசணி பையையும் விட்டுவிடாமல், முழுவதும் சொன்னார்.

"ஒரு கேள்வி" என்றார் வலப்பக்கத்திலிருந்து தீவனக் கம்பெனித் தொப்பி போட்ட ஒருவர். "நீங்களும் லொரெட்டாவும் சொந்தமா?"

"ஸ்டேகர்ல யாரு யாருக்குச் சொந்தமில்ல?" என்றார் மர்லிஸ். "என் சொந்தக்காரங்கள்ல பாதிப் பேரு எனக்கே பிடிக்காது."

இடப்பக்கம் சிரித்தது. வலப்பக்கம் சிரிக்கவில்லை.

"அப்ப உங்க முத்திரை தப்பு, உங்க வாய் மட்டும் சரி. அப்படித்தானே?"

"மரியாதையாப் பேசு" என்று இடப்பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வாசலில் நின்றிருந்த காவலர் சுவரிலிருந்து முதுகை எடுத்தார். ரஸ் மேசையைத் தட்டினார்.

"எல்லாரும் உக்காருங்க. லைல், நீயும்தான். கார்வின், ஆரம்பிங்க."

கார்வின் ஷேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இந்தம்மாவை நம்பறேன்" என்றார். "ஆனா நான் நம்பறது முக்கியமில்ல. முத்திரை தெளிவா இருக்கு. தெளிவா இருந்தா வேற எதையும் பாக்கச் சட்டம் இடம் கொடுக்கல. திறக்கக் கூடாது."

"முப்பது பேரு சாப்பாட்டுல உக்காந்திருந்தாங்க" என்றார் ரஸ். "முப்பது பேரும் பாத்திருக்காங்க. இதை விட என்ன சாட்சி வேணும்? ஒரு சக்கரம் ஒரு பல்லு தள்ளிச் சுத்தினதுக்காக ஒரு ஊரோட ஓட்டைத் தூக்கிப் போடறதா? நான் திறக்கணும்னு சொல்றேன்."

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். 

"அந்தப் பொண்ணு என்ன சொல்லும்னு நமக்குத் தெரியாதா?" என்று யாரோ சொன்னார்கள். "சம்பளம் சொல்லும்."

"இன்னும் ஏழு உறை இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "கிரெலிலிருந்து. அதே புதன்கிழமை முத்திரை. அதுல ஒருத்தராவது செவ்வாக்கிழமை மத்தியானமே பெட்டியில போட்டிருக்காரு. நான் அவரோட பேசினேன். மர்லிஸை நம்பற அளவுக்கு அவரையும் நம்பறேன்."

"அதுக்குச் சாட்சி இருக்கா?" என்றார் ரஸ்.

"இல்ல. அவர் தனியாப் போனாரு."

"அப்ப அதை எப்படித் திறக்கறது?"

"இந்த ஏழையும் ஸ்டேகரோட இருபத்து மூணையும் சேர்த்துத் திறக்கலாம்னா நான் இப்பவே கையைத் தூக்கறேன். முப்பதையும். யாரு எந்தப் பக்கம் போட்டிருந்தாலும்."

"சாட்சியே இல்லாததையெல்லாம் திறந்தா அப்புறம் தேதின்னு ஒண்ணு எதுக்கு?" என்றார் ரஸ். "ஸ்டேகர் விஷயம் வேற, நடீன். ஊரே வந்து நிக்குது."

"அதுதான் ரஸ், எனக்கு இடிக்குது. ஊரே வந்து நிக்குது, அதனால திறக்கறோம். தனியா லாரி ஓட்டறவனுக்கு யாரு வந்து நிப்பா? அவர்கிட்ட நான் எல்லாருக்கும் இதேதான்னு சொன்னேன். அவர் சரின்னாரு. வேற ஒண்ணும் கேக்கல."

கார்வின் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மர்லிஸ் இன்னும் உட்காரவில்லை. அவருடைய முகம் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று புரிந்துகொள்ளத் தொடங்கியிருந்தது.

"முப்பதையும் திறக்க உங்களுக்குச் சம்மதமா?" என்று ரஸ்ஸிடம் மறுபடி கேட்டேன்.

"முடியாது."

"உங்களுக்கு, கார்வின்?"

"ஒண்ணையும் திறக்க முடியாது."

"அப்ப நானும் திறக்க வேண்டாம்னு சொல்றேன்."

கைதட்டுவார்கள் என்று பயந்திருந்தேன். யாரும் தட்டவில்லை. வலப்பக்கத்தில் சண்டைக்குத் தயாராக வந்தவர்கள், என்ன செய்வது என்று தெரியாமல் போன்களை இறக்கினார்கள். இடப்பக்கத்தில் லைல் எழுந்து, "நான் எழுவது மைல் ஓட்டிக்கிட்டு வந்தேன்" என்று மட்டும் சொன்னான், யாரிடமும் இல்லை. மர்லிஸ் கோட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனார்.

நான் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது குவிக் பக்கத்தில் வந்து நின்றான்.

"நேர்மையா நடந்துக்கிட்டீங்க" என்றான்.

"உங்களுக்காகச் செய்யல."

"தெரியும். இருந்தாலும் ஜனவரியில நான் பொறுப்பேத்துக்கறதுக்கு முன்னாடி உக்காந்து பேசுவோம். உங்களை மாதிரி ஆளு எனக்கு வேணும்."

அவன் அதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னான் என்று நினைக்கிறேன். ஆனால் இடப்பக்கம் இன்னும் காலியாகவில்லை. அவன் என் தோளருகே குனிந்து பேசியதை ஐந்தாறு பேர் பார்த்தார்கள். ஒரு பெண் தன் கணவனின் காதில் ஏதோ சொன்னாள். அவ்வளவுதான். சந்தேகம் அறையின் ஒரு பக்கத்திலிருந்து எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. நான் கையைத் தூக்கினாலும் தூக்காவிட்டாலும் அதற்கு ஒரு நாற்காலி தேவைப்பட்டிருக்கும்.

ஆனால் வேலை முடியவில்லை. குழு முடிவு செய்துவிட்டால் போதாது. மாவட்டத் தேர்தல் அதிகாரி முடிவுகளில் கையெழுத்துப் போட்டு, அன்று ஐந்து மணிக்குள் மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும். அதாவது, தான் தோற்றதாக லொரெட்டாவே கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் முழு மாவட்டத்தின் முடிவும் நிற்கும். பள்ளிக்கூட நிதி, ஆஸ்பத்திரி வரி, எல்லாம்.

ரஸ் எனக்கு முன்பே அவர் அறைக்குள் போயிருந்தார். கதவு திறந்திருந்தது.

"போடாதே லொரெட்டா. கோர்ட்டுக்குப் போவோம். ஸ்டேகரே உன் பின்னாடி நிக்கும். வெளிய எல்லாரும் வண்டியில காத்துக்கிட்டிருக்காங்க. நீ ஒரு வார்த்தை சொல்லு போதும்."

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க ரஸ்" என்றார் லொரெட்டா.

அவர் போனதும் நான் முடிவுத் தாளை மேசைமேல் வைத்தேன். லொரெட்டா அதைத் தொடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை தாண்டியிருந்தது.

"நல்ல ஓட்டுதானே அது?" என்று கேட்டார்.

"ஆமா."

"தெரிஞ்சுக்கிட்டே வேண்டாம்னு சொன்னே."

"ஆமா."

"கார்வின் சொன்னா எனக்குப் புரியும். அவருக்குச் சட்டப் புத்தகம்தான் பெண்டாட்டி. நீ ஏன்?"

கிரெலைப் பற்றிச் சொன்னேன். இப்போது சொல்லலாம். லாரியை, மாடுகளை, நான் சொன்ன வார்த்தையை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் இளகவில்லை.

"அந்த ஆளு எனக்கு ஓட்டுப் போட்டிருக்க மாட்டான்" என்றார்.

"மாட்டாரு."

"அவனுக்காக என் அண்ணனோட ஓட்டை வீசிட்டே."

"அவருக்காக மட்டும் இல்ல."

"எனக்குப் பாடம் எடுக்காதே." மேசையை உள்ளங்கையால் அடித்தார். காபிக் கோப்பை குதித்தது.  வெளியே வண்டிகளின் எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. குளிருக்காக யாரும் அணைக்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை நான் முந்தின நாளே படித்து வைத்திருந்தேன். அவரும் படித்திருப்பார்.

"போடலைன்னா என்ன ஆகும், தெரியுமா?" என்றார் ஒருவழியாக. "குவிக் சொன்னதெல்லாம் நிஜமாயிடும். கதவு, பூட்டு, எல்லாம்." மூக்கை உறிஞ்சினார். "அந்தப் பூட்டு விழவே விழாதுன்னு அந்த முட்டாளுக்கு யாராவது சொல்லணும். ஜனவரியில திணறப் போறான்."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வரைக்கும் நான் உன்கிட்டப் பேச மாட்டேன்" என்றார். "அதுக்கப்புறமும் பேசுவேனான்னு தெரியல. பேனாவைக் கொடு."

மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் படித்துப் பார்த்தார், வேறு யாருடைய தோல்வியையோ சரிபார்ப்பது போல. நான் தாளை எடுத்துக்கொண்டு போய் அனுப்பிவிட்டுத் திரும்பியபோது அவர் அறையில் இல்லை. கோட்டு நாற்காலியில் தொங்கியது.

ஜன்னலுக்குப் போனேன். லேசாகப் பனி விழத் தொடங்கியிருந்தது. லொரெட்டா கோட்டில்லாமல், ஸ்டேகர் வண்டிகளின் நடுவே நின்று பேசிக்கொண்டிருந்தார். ஆண்கள் கதவுகளைத் திறந்து இறங்கினார்கள். கண்ணாடி வழியாக ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. லைல் டயரை உதைத்தான். லொரெட்டாவின் அண்ணன், உயரமான கிழவர், தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். மர்லிஸ் ஒரு வண்டியின் பின்னால் இருந்து வந்தார். லொரெட்டா அவரை இழுத்து அணைத்துக்கொண்டு, அவருடைய தோளுக்கு மேலாக மற்றவர்களிடம் தொடர்ந்து பேசினார். பேசப் பேச யாரோ ஒருவர் தலையாட்டினார், இன்னொருவர் மறுத்துத் தலையசைத்தார்.

பிறகு லொரெட்டா ஒரு கையை விடுவித்து, கட்டடத்தை நோக்கி, என் ஜன்னலை நோக்கி நீட்டினார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர் என்னைக் குற்றம் சொல்கிறாரா, எனக்காகப் பேசுகிறாரா என்று தெரியவில்லை. ஒதுங்கிக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நான் விளக்கைப் போட்டேன், அவர்கள் என்னைச் சரியாகப் பார்க்கும்படி.